தண்ணீருக்கும் லென்சுக்கும் நடுவில்

படகில் ஏறி, துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, கேமராவின் இரண்டு அங்குலத் திரையில் ஓட்டிப் பார்க்கும்போது எல்லாம் அருமையாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்து அதையே பெரிய டிவியில் போடும்போதுதான் மனசு சோர்ந்துபோகும். மீன் இருக்கிறது, செதில் இல்லை. பவளம் இருக்கிறது, அதன் மேல் புள்ளி புள்ளியாகத் தெரிய வேண்டிய துளைகள் இல்லை. எல்லாவற்றின் மேலும் மெல்லிய துணி ஒன்றைப் போர்த்தியது போல ஒரு மங்கல். நீருக்கடியில் எச்.டி. வீடியோ எடுக்கத் தொடங்குகிற பலருக்கு முதல் சில தடவைகளில் இதுதான் கிடைக்கிறது. உடனே அவர்கள் இதைவிட விலை கூடிய கேமரா எது என்று தேடத் தொடங்கிவிடுகிறார்கள். அந்தத் தேடல் தொடங்கும் இடமே பிசகு என்று நினைக்கிறேன். கடலுக்குள் ஃபோகஸைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை இரண்டு: தண்ணீருக்கும் லென்சுக்கும் நடுவே நிற்கும் கண்ணாடியின் வடிவம், படமாகும் பொருளுக்கும் அந்தக் கண்ணாடிக்கும் உள்ள தூரம். இந்த இரண்டையும் முடிவு செய்துவிட்டுக் கேமராவுக்கு வந்தால், தேர்வு பாதிக்கு மேல் தானாகவே முடிந்துவிடும். பல பேருக்குக் கையில் இருப்பதே போதும் என்றும் தெரியவரும்.

கேமராவை நீர் புகாமல் வைத்திருக்கும் ஹவுசிங்கின் முன்பக்கக் கண்ணாடியைப் போர்ட் என்பார்கள். அது தட்டையாக இருக்கலாம், அல்லது கவிழ்த்த கிண்ணம் போல வெளியே புடைத்திருக்கலாம். புடைத்ததற்கு டோம் என்று பெயர். தட்டைக் கண்ணாடியின் குணம் தெரிய வேண்டுமென்றால் வீட்டு மீன்தொட்டியின் முன்னால் உட்கார்ந்தால் போதும். பின்சுவர் இருக்க வேண்டிய இடத்தைவிடக் கிட்டத்தில் தெரியும், மீன் கொஞ்சம் கொழுத்துத் தெரியும். காற்றின் ஒளிவிலகல் எண் 1, தண்ணீரின் எண் சுமார் 1.33. அதனால் தட்டைக் கண்ணாடி வழியே பார்க்கும் பொருள், உண்மைத் தூரத்தில் நான்கில் மூன்று பங்கில் இருப்பதாகவும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தோன்றும். 1 மீட்டரில் நிற்கும் மீனைக் கேமரா 75 செ.மீ.யில் காண்கிறது. முக்குளிப்பவரின் முகமூடியும் தட்டைக் கண்ணாடிதான் என்பதால் அவர் கண்ணும் அதையேதான் காண்கிறது. ஆகவே கையால் ஃபோகஸ் வைப்பவர் கண்ணுக்குப் பட்ட தூரத்தை வைக்க வேண்டும். நாடா பிடித்து அளந்த தூரத்தை வைத்தால் தவறிப்போகும். இங்கே மறக்கக் கூடாத விஷயம் ஒன்று உண்டு: தட்டைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்க்கும்போது வெகு தொலைவில் இருப்பது வெகு தொலைவிலேயே இருக்கிறது. தரையில் எட்டத்துக்கு வைத்த லென்ஸ் தண்ணீருக்குள்ளும் எட்டத்தைத் துல்லியமாகவே பிடிக்கும்.

அதற்குக் கொடுக்கும் விலை பார்வையின் அகலம். காற்றில் 90 டிகிரி பார்க்கும் லென்ஸ், தட்டைக் கண்ணாடி வழியே தண்ணீரில் 64 டிகிரிதான் பார்க்கும். எவ்வளவு அகலமான லென்ஸைக் கொண்டுபோய் வைத்தாலும் சுமார் 97 டிகிரியைத் தாண்ட முடியாது. அந்த எல்லையை நெருங்க நெருங்க விளிம்பில் நிறங்கள் பிரிந்து, கோடுகள் வளைந்து, ஓரங்கள் கரைந்துபோகும். நடுவில் கூர்மையும் ஓரத்தில் மங்கலுமாக ஒரு படம் வந்தால் அதை ஃபோகஸ் தவறு என்று நினைத்து கேமராவைத் திட்டுவதில் பயனில்லை. அது தட்டைக் கண்ணாடியின் இயல்பு. லென்ஸை வைடிலிருந்து கொஞ்சம் உள்ளே இழுத்தாலே சரியாகும்.

டோம் வேறு ஜாதி. ஒளிக்கதிர்கள் வளைந்த பரப்பில் ஏறக்குறைய நேர்க்குத்தாக விழுவதால் அகலம் குறைவதில்லை, நிறம் பிரிவதும் வெகுவாகக் குறைகிறது. ஆனால் தண்ணீருக்குள் போனதும் அந்தக் கண்ணாடிக் கிண்ணமே ஒரு குழிலென்ஸ் ஆகிவிடுகிறது. உலகம் முழுவதையும் தனக்கு முன்னால் கையெட்டும் தூரத்துக்குள் சுருட்டிக் கொண்டுவந்து ஒரு மாயப் பிம்பமாக நிறுத்துகிறது. கணக்கு எளிமையானது. டோமின் ஆரத்தைப் போல மூன்று மடங்குத் தொலைவில், டோமின் பரப்புக்கு முன்னால், அடிவானம் வந்து நிற்கும். 10 செ.மீ. ஆரமுள்ள டோம் என்றால் எட்டத்தில் நிற்கும் பாறையும் 30 செ.மீ.யில் இருப்பதாகக் கேமரா காணும், 1 மீட்டரில் உள்ள ஆமை சுமார் 21 செ.மீ.யில் இருக்கும், 30 செ.மீ.யில் உள்ள மீன் 13 செ.மீ.யில் இருக்கும். கடல் மொத்தமும் 13-க்கும் 30-க்கும் நடுவே ஒரு கை அகலத்தில் அடங்கிவிடுகிறது. அந்தக் கை அகலத்துக்கு ஃபோகஸ் செய்ய முடிகிற லென்ஸ் பின்னால் இருந்தால் டோமைவிட நல்லது கிடையாது. முடியாத லென்ஸ் இருந்தால் ஒரு ஃப்ரேம்கூடத் தேறாது.

இந்தக் கணக்கைப் பலர் கைக்காசு போட்டுக் கற்றுக்கொண்டது 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில். கோப்ரோவின் எச்.டி. ஹீரோ என்ற ஆக்‌ஷன் கேமரா அப்போது வந்தது. உள்ளங்கையில் அடங்கும் கேமராவில் 1920-க்கு 1080 எச்.டி. என்பது அன்றைக்குப் பெரிய சங்கதி. அதன் லென்ஸில் ஃபோகஸ் நிரந்தரமாக வைக்கப்பட்டிருந்தது. ஓரிரு அடிக்கு அப்பால் இருப்பதெல்லாம் கூர்மை, அதற்குள் வருவது மங்கல். கூடவே வந்த ஹவுசிங்கின் முன்கண்ணாடியோ வெளியே புடைத்திருந்தது. அலைச்சறுக்குக்கும் சைக்கிளுக்கும் அது பொருத்தம், அகலம் கெடாது. தண்ணீருக்குள் இறங்கியதும் அதே புடைப்பு வேலையைக் கெடுத்தது. அப்படிப்பட்ட சின்ன டோமின் ஆரம் 2 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், முழுக் கடலும் கண்ணாடிக்கு முன்னால் 6 செ.மீ.க்குள் வந்து நின்றுவிடும். அந்த லென்ஸால் அவ்வளவு கிட்டத்தில் பார்க்கவே முடியாது. மீன் எங்கே நின்றாலும் மங்கல்தான். சிறு பட்டறைகள் தட்டைக் கண்ணாடி பொருத்திய மாற்று ஹவுசிங்குகளை விற்கத் தொடங்கின, நிறுவனமும் முக்குளிப்புக்கென்று தட்டைக் கண்ணாடி ஹவுசிங் கொண்டுவந்தது, 2012-இல் வெளியான ஹீரோ3-க்குத் தட்டையான முகமே வந்தது. பழைய கேமராவை வைத்திருந்தவர்களும் ஹவுசிங்கை மட்டும் மாற்றியதும் கூர்மையான படம் பெற்றார்கள். லென்ஸும் சென்சாரும் பழையவை, கண்ணாடி மட்டும் புதியது. கேமராவுக்கு முன் கண்ணாடியைப் பார்க்கச் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

தொழில்முறை ஆட்கள் எல்லாரும் பெரிய டோமைத்தானே தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று ஒரு கேள்வி எழும். உண்மைதான். அவர்கள் டோமுக்குப் பின்னால் வைப்பது ஒரு சாண் தூரத்துக்கும் அதற்குக் கிட்டவும் ஃபோகஸ் ஆகும் அகல லென்ஸ். டோமின் மையமும் லென்ஸின் நுழைவுப் புள்ளியும் ஒன்றாக அமையும்படி நடுவில் சரியான நீளத்துக்கு வளையம் போட்டிருப்பார்கள். டோம் காட்டும் மாயப் பிம்பம் தட்டையாக இல்லாமல் கிண்ணம் போல வளைந்திருப்பதால், ஓரமும் கூர்மையாக வர லென்ஸ் துளையான அபெர்ச்சரை எஃப் 8, எஃப் 11 என்று சுருக்குவார்கள். டோம் சின்னதாக ஆக ஆக இந்த வளைவு மோசமாகும். அதனால்தான் 20 செ.மீ. விட்டத்துக்கும் மேலான டோமைச் சுமக்கிறார்கள். இவற்றில் ஒன்றைக்கூடச் செய்ய முடியாத ஆக்‌ஷன் கேமராவுக்கு டோம் வாங்குவது கண் பரிசோதிக்காமல் அடுத்தவர் கண்ணாடியை வாங்கிப் போடுவது போலத்தான். பாதித் தண்ணீர், பாதி வானம் என்று ஒரே ஃப்ரேமில் எடுக்க 6 அங்குல டோம்கள் விற்கிறார்களே என்றால், அதன் வேலை வேறு. நீர்மட்டக் கோட்டை லென்ஸிலிருந்து தள்ளிப் பிடிப்பதற்காக அது பிறந்தது. அரைக்கோளமாக இருந்தால் அதன் மாயப் பிம்பம் சுமார் 23 செ.மீ.யில் நிற்கும். நிலையான ஃபோகஸ் லென்சுக்கு அதுவே எல்லையில் தத்தளிக்கும் தூரம். மேற்பரப்பில் அழகாக வருவது முழுவதும் மூழ்கியதும் சற்றே மங்குவது அதனால்தான்.

தட்டைக்கும் டோமுக்கும் நடுவே மூன்றாவது வழியும் உண்டு: தண்ணீரைத் தொட்டுக்கொண்டே வேலை செய்வதற்கென்று வடிவமைத்த லென்ஸ். 1950-களிலேயே பிரான்சில் இவானோஃப் என்பவர் இப்படியொரு திருத்தும் லென்ஸை உருவாக்கினார். நிக்கான் 1963-இல் வெளியிட்ட நிக்கோனாஸ் கேமராவுக்குப் பின்னாளில் வந்த 15 மி.மீ. லென்ஸ் தண்ணீருக்குள் மட்டுமே ஃபோகஸ் ஆகும். இன்று நாட்டிகாம் போன்ற நிறுவனங்கள் செய்யும் பெரிய கண்ணாடிகள் அதே வம்சம். ஓரக் கூர்மையில் டோமையும் மிஞ்சும், விலையிலும் மிஞ்சும். பிழைப்பாகச் செய்பவர்களுக்கு அது நியாயமான செலவு. மற்றவர்கள் அங்கே போக வேண்டியதில்லை.

இனி தூரம். நல்ல கண்ணாடி போட்டு, நல்ல லென்ஸ் வைத்து, 5 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் படம் மங்கலாகத்தான் இருக்கும். அங்கே மங்க வைப்பது தண்ணீரே. நீர் சிவப்பை முதலில் விழுங்குகிறது, சில மீட்டருக்குள் படம் நீலமும் பச்சையுமாகிவிடும். மிதக்கும் துகள்கள் ஒளியைச் சிதறடித்து இருட்டுக்கும் வெளிச்சத்துக்குமான வித்தியாசத்தை அழித்துவிடும். கூர்மை என்று கண் உணர்வது அந்த வித்தியாசத்தைத்தான். மன்னார் வளைகுடாவை எடுத்துக்கொள்ளுங்கள். ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றி, 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட கடல். பவளப்பாறைகள் ஆழமில்லாத இடத்திலேயே கிடக்கின்றன, ஆனால் காற்றும் நீரோட்டமும் மாறினால் அடிமண் கிளம்பித் தண்ணீர் கலங்கிவிடும். மாலத்தீவில் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு அதே பாணியில் இங்கே எட்ட நின்று எடுத்தால் வெறும் பச்சை மூட்டம்தான் கிடைக்கும். கலங்கிய கடலில் ஒரே மருந்து, நடுவே இருக்கும் தண்ணீரைக் குறைப்பது. ஒரு மீட்டருக்குள் போக வேண்டும், முடிந்தால் அரை மீட்டருக்குள்.

இங்கேதான் ஆக்‌ஷன் கேமராவின் அடுத்த சிக்கல் வெளிப்படுகிறது. காற்றில் 30 செ.மீ.க்கு அப்பால் கூர்மையாகக் காணும் நிலையான லென்ஸ், தட்டைக் கண்ணாடிக்குப் பின்னால் தண்ணீரில் 40 செ.மீ.க்கு அப்பால்தான் கூர்மையாகக் காணும். அந்த நான்கில் மூன்று கணக்கு இங்கே நமக்கு எதிராகத் திரும்புகிறது. கலங்கல் 'கிட்டே வா' என்கிறது, லென்ஸ் 'எட்டப் போ' என்கிறது. 40 செ.மீ.க்கும் ஒரு மீட்டருக்கும் இடையே ஒரு குறுகிய இடுக்கில்தான் வேலை செய்ய முடியும். ஆமைக்கும் திருக்கைக்கும் மீன் கூட்டத்துக்கும் அது போதும், தாராளமாகப் போதும். கடற்பஞ்சின் மேல் ஊரும் விரல்நீள நத்தைக்கும் கடற்சாமந்தியின் கைகளுக்குள் ஒளியும் கோமாளி மீனுக்கும் போதாது. அதற்குப் போர்ட்டின் முன்னால் தண்ணீருக்குள்ளேயே மாட்டிக் கழற்றும் குளோஸப் லென்ஸ் வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரண உருப்பெருக்கிக் கண்ணாடியை ஒட்டிப் பார்க்கலாமே என்ற யோசனை பலருக்கு வரும். இரு பக்கமும் தண்ணீர் சூழ்ந்தால் சாதாரணக் கண்ணாடி லென்ஸ் தன் சக்தியில் சுமார் நான்கில் மூன்று பங்கை இழந்துவிடும், அதனால் அது நடக்காது. தண்ணீருக்கென்று செய்த லென்ஸ்களில் உள்ளே காற்று இடைவெளியை அடைத்து வைத்திருப்பார்கள். நிலையான ஃபோகஸ் கேமராவில் அதை மாட்டினால் கூர்மை ஒரு குறிப்பிட்ட தூரத்தில், சில செ.மீ. ஆழத்துக்கு மட்டும் நிற்கும். அந்த இடத்துக்குக் கேமராவைக் கொண்டுபோய் நிறுத்துவது கையின் வேலை. சின்ன உயிர்களை அடிக்கடி எடுப்பவருக்கு, ஃபோகஸ் மாற்றக்கூடிய காம்பாக்ட் கேமராவும் தட்டைப் போர்ட்டும் ஒரு குளோஸப் லென்ஸும் சேர்ந்த ஏற்பாடே என் பார்வையில் காசுக்கு அதிகம் தரும் தேர்வு.

ஃபோகஸ் மாற்றக்கூடிய கேமரா வந்ததும் அடுத்த கேள்வி, மாற்றுவது யார்? கேமராவா, நீங்களா? பழைய முறை ஆட்டோஃபோகஸ், இருட்டு-வெளிச்ச மாறுபாட்டை அளந்து வேலை செய்வது. லென்ஸை முன்னும் பின்னும் அசைத்து எந்த இடத்தில் கோடுகள் கூர்மையாகின்றன என்று தேடும். மூட்டமான நீலத்தில் பிடிக்கக் கோடே இல்லாவிட்டால் தேடிக்கொண்டே இருக்கும், லென்ஸுக்கு முன்னால் ஒரு துகள் மினுங்கினால் அதைப் பிடித்துக்கொள்ளும். போட்டோவில் அது ஒரு கெட்டுப்போன படம், அழித்துவிடலாம். வீடியோவில் அந்தத் தேடலே பதிவாகும், திரை மூச்சு வாங்குவது போல விரிந்து சுருங்கும். ஒளியின் கட்ட (ஃபேஸ்) வித்தியாசத்தை வைத்து எந்தப் பக்கம் போக வேண்டும் என்று முன்கூட்டியே அறியும் முறைகள் இதை வெகுவாகத் திருத்தியிருக்கின்றன. கேனான் 2013-இல் 70டி கேமராவில் டூயல் பிக்சல் முறையைக் கொண்டுவந்தது, நெடுநாள் மாறுபாட்டு முறையையே நம்பியிருந்த பானசோனிக் 2023-இல் எஸ்5 இரண்டாம் பதிப்பில் கட்ட முறைக்கு வந்தது. அப்படியானால் இனிக் கேமராவிடமே விட்டுவிடலாம் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. தெளிந்த நீரில், தன்னை நோக்கி வரும் ஆமையைத் தொடர்வதில் இன்றைய ஆட்டோஃபோகஸ் மனிதக் கையை மிஞ்சும். ஆனால் எந்த முறையும் லென்ஸில் வந்து விழும் வெளிச்சத்தை வைத்தே முடிவெடுக்கிறது. கலங்கிய நீரில் அந்த வெளிச்சமே பொய் சொல்கிறது. அதோடு எதை ஃபோகஸ் செய்ய வேண்டும் என்பது படமெடுப்பவரின் விருப்பம், அசையும் சாமந்திக் கைகளுக்குள் கோமாளி மீனின் கண்தான் வேண்டும் என்று கேமராவுக்குத் தெரியாது.

ஆகவே வீடியோவுக்கு நான் சொல்லும் வழி, பூட்டிவிட்டு எடுப்பது. தொடர் ஆட்டோஃபோகஸை அணைத்துவிடுங்கள். மீனின் தூரத்திலேயே இருக்கும் பாறை விளிம்பையோ, அதே அளவு தள்ளி நீட்டிய உங்கள் கால் துடுப்பின் எழுத்தையோ பார்த்து ஒரு முறை பொத்தானை அழுத்திப் பூட்டுங்கள். பிறகு லென்ஸைத் தொடாமல் உடம்பால் தூரத்தைக் காப்பாற்றுங்கள். மீன் ஒரு கை முன்னே வந்தால் நீங்கள் ஒரு கை பின்னே போவது, அது கீழே விலகினால் மெல்ல மூச்சை விட்டுத் தாழ்வது. மிதப்பைக் கட்டுப்படுத்தத் தெரியாதவரால் இது முடியாதே என்பார்கள். மிதப்பு கைவராதவர் பவளத்துக்கு அரை மீட்டர் பக்கத்தில் கேமராவோடு போகவே கூடாது. முறிந்த கிளைப்பவளம் திரும்ப வளர ஆண்டுகள் ஆகும், எந்த வீடியோவும் அதற்கு ஈடில்லை.

சென்சார் பெரிதாக இருந்தால் படம் கூர்மையாகும் என்ற நம்பிக்கையையும் இங்கே சோதிக்க வேண்டும். பழைய 720-க்கு 576 வீடியோவைவிட முழு எச்.டி.யில் சரியாக 5 மடங்குப் புள்ளிகள், 4கே-யில் அதற்கும் 4 மடங்கு. புள்ளிகள் கூடக் கூட ஃபோகஸ் பிழையும் கூடுதலாகத் தெரியும். முன்பு மன்னிக்கப்பட்ட அரை அடி வித்தியாசம் இப்போது மன்னிக்கப்படாது. 4கே-யில் எடுத்து எச்.டி.யாகச் சுருக்கினால் கொஞ்சம் பொறுக்கும், ஆனால் தவறிய ஃபோகஸ் எந்த எடிட்டிங்கிலும் திரும்பாது. பெரிய சென்சாரில் கூர்மை நிற்கும் ஆழம் குறைவு, அதைக் கூட்ட அபெர்ச்சரைச் சுருக்க வேண்டும். எஃப் 4-லிருந்து எஃப் 8-க்குப் போனால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகும், ஆகவே விளக்கு வாங்க வேண்டும். சுருக்கினால் கூர்மை வரும் என்பதற்குச் சான்று வேண்டுமானால் அந்தமான் கடலின் மோக்கென் மக்களின் குழந்தைகளைப் பார்க்கலாம். முகமூடி இல்லாமல் கடலடியில் சிப்பி பொறுக்கும் அவர்கள், ஐரோப்பியக் குழந்தைகளைவிட இரண்டு மடங்குக்கும் மேல் நுணுக்கமாகத் தண்ணீரில் பார்ப்பதாக ஆய்வாளர் அன்னா கிஸ்லேன் குழுவினர் 2003-இல் வெளியிட்டார்கள். கண்மணியை இறுக்கிச் சுருக்கி, கண் லென்ஸை அதன் கடைசி எல்லை வரை கிட்டப் பார்வைக்குக் கொண்டுவந்து அதைச் சாதிக்கிறார்கள். டோமுக்குப் பின்னால் உட்காரும் நல்ல லென்ஸ் செய்வதும் இதையேதான். சின்ன சென்சாருக்கு இந்த ஆழம் இலவசமாகவே கிடைக்கிறது. விளக்கும் பெரிய டோமும் சேர்த்து வாங்க மனமில்லாதவர் பெரிய சென்சாரை வாங்கினால் கூர்மை கூடுவதற்குப் பதில் குறையத்தான் வாய்ப்பு அதிகம்.

ஃபோகஸ் என்று நினைத்து ஏமாறும் சில மங்கல்களும் இருக்கின்றன. வெயிலில் சூடான ஹவுசிங்கைக் குளிர்ந்த நீரில் இறக்கினால் உள்ளே அடைபட்ட ஈரம் கண்ணாடியில் பனியாகப் படியும். குளிர்சாதன அறையில் உலர்ந்த காற்றில் மூடுவதும் உள்ளே ஈரம் உறிஞ்சும் பட்டை வைப்பதும் அதற்குப் பரிகாரம். குளோஸப் லென்ஸுக்கும் போர்ட்டுக்கும் நடுவே ஒரு காற்றுக்குமிழி தங்கினால் படத்தின் பாதி கரைந்துபோகும். தண்ணீருக்குள் ஒரு முறை கழற்றி மாட்டினால் ஓடிவிடும். நொடிக்கு 25 ஃப்ரேமில் 1/50 ஷட்டரோடு எடுக்கும்போது கை நடுங்கினால் அதுவும் மங்கலாகவே தெரியும். ஒரு ஃப்ரேமை நிறுத்திப் பாருங்கள். எல்லாம் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் அது நடுக்கம்.

எதையும் வாங்கும் முன், அல்லது வாங்கியதைக் கடலுக்குக் கொண்டுபோகும் முன், ஒரு பகல் பொழுதைத் தொட்டியருகே செலவிடலாம். மாடியில் அல்லது கிணற்றடியில் நீளமான சிமென்ட் தொட்டி இருந்தால் போதும். தினத்தாளின் வரி விளம்பரப் பக்கத்தை லேமினேட் செய்து ஒரு முனையில் கல் வைத்து நிறுத்துங்கள். கேமராவை ஹவுசிங்கோடு மூழ்கடித்து 20, 30, 40, 60, 100 செ.மீ. என்று தொட்டியின் விளிம்பில் சுண்ணாம்புக் கட்டியால் குறித்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் பத்து நொடி எடுங்கள். பிறகு தொட்டியில் கொஞ்சம் மண்ணைக் கலக்கிவிட்டு மறுபடி எடுங்கள். இரண்டையும் டிவியில் போட்டுப் பாருங்கள், கேமராத் திரையில் பார்க்காதீர்கள். எந்தக் குறியில் விளம்பரத்தின் சின்ன எழுத்துகள், 'ன'வின் சுழி வரைக்கும், படிக்கத் தெரிகின்றனவோ அதுதான் உங்கள் கேமராவின் வேலைத் தூரம். கலங்கிய நீரில் அந்தக் குறியே காணாமல் போய்விட்டால், அடுத்து வாங்க வேண்டியது கேமரா அல்ல, ஒரு குளோஸப் லென்ஸும் ஒரு விளக்கும். எல்லாக் குறியிலும் மங்கலாக இருந்தால் ஹவுசிங்கைத் திருப்பி அதன் முன்கண்ணாடியை விரலால் தடவிப் பாருங்கள், புடைத்திருக்கிறதா என்று.